வேலை, வீடு, பத்தாண்டாக முடியாத ஒரு நாவல்: தொடர்வதா, விடுவதா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். முழுநேர வேலை, பள்ளி செல்லும் இரண்டு குழந்தைகள், படுக்கையில் இருக்கும் தாய். இவற்றுக்கு நடுவே பத்தாண்டுகளாக ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். இரண்டு பதிப்பகங்கள் அதைத் திருப்பி அனுப்பிவிட்டன. மனைவி ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை; “இன்னும் எவ்வளவு நாள்?” என்று மட்டும் கேட்கிறார். நாவலில் மறைந்த உங்கள் தந்தையின் சாயலில் ஒருவர் வருகிறார், அது அண்ணனுக்குத் தெரியாது. “விடாமுயற்சி எந்த இடத்தில் வெறும் பிடிவாதமாக மாறுகிறது?” என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். நடுவில் நேரம் ஒதுக்குவது பற்றியும் ஒரு வரி இருக்கிறது. ஆனால் அச்சேறுமா என்றே தெரியாத ஒன்றுக்காக வீட்டிலிருந்து இவ்வளவு எடுத்துக்கொள்ள எனக்கு உரிமை உண்டா என்பதுதான் அடியில் ஓடும் கேள்வி என்று எனக்குப் படுகிறது. அதற்கே பதில் சொல்ல முயல்கிறேன்.

நான் நாவல் எழுதுகிறேன்; பிழைப்பு எப்போதும் வேறு வேலையில்தான். சில ஆண்டுகளாக மற்றவர்களின் முதல் நாவல்களைக் கையெழுத்துப் பிரதியில் படித்துத் திருத்தக் குறிப்பு எழுதிக்கொடுத்தும் வருகிறேன். இந்த இரண்டு அனுபவங்களிலிருந்துதான் பேசுகிறேன். உங்கள் பிரதியை நான் பார்க்கவில்லை. எனவே அது நல்ல நாவலா, இன்னும் உழைத்தால் நல்ல நாவலாகுமா என்பதைப் பற்றி ஒரு சொல்லும் என்னால் சொல்ல முடியாது. படிக்காமலேயே “கைவிடாதீர்கள், நிச்சயம் வெல்வீர்கள்” என்று யாராவது எழுதினால் நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

முதலில் அந்த நேரம் யாருடையது என்று பார்ப்போம். ஆந்தனி ட்ரோலோப் இங்கிலாந்தின் அஞ்சல் துறையில் அதிகாரியாக இருந்துகொண்டே நாவல்களை எழுதிக் குவித்தவர். வாழ்நாளில் மொத்தம் 47 நாவல்கள். காலை 5.30 மணிக்கு மேசைக்கு வந்துவிடுவார். கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள் என்று கணக்கு வைத்து எழுதுவார். எழுத்துப் பயிற்சி தருகிறவர்கள் இந்தக் கணக்கைத்தான் சலிக்காமல் எடுத்துச் சொல்வார்கள். 1883இல் வெளிவந்த தன்வரலாற்றில் அவர் சொல்லும் இன்னொரு செய்தி அவ்வளவாக வெளியே வருவதில்லை. விடிவதற்கு முன் தன்னை எழுப்பிக் காபி கொடுப்பதற்காக ஒரு முதிய பணியாளருக்கு ஆண்டுக்கு ஐந்து பவுண்டு கூடுதலாகக் கொடுத்துவந்தார். தன் வெற்றிக்காக வேறு எவரையும்விட அந்த மனிதருக்கே அதிகம் கடன்பட்டிருக்கலாம் என்றும் எழுதியிருக்கிறார். ஒழுக்கம் என்று நாம் வியப்பதில் ஒரு பகுதி இன்னொருவரின் உறக்கம். ட்ரோலோப் அதற்குக் காசு கொடுத்தார், கணக்கிலும் எழுதினார். பெரும்பாலான எழுத்தாளர்கள் இரண்டையும் செய்வதில்லை.

அவருடைய தாய் ஃபிரான்சஸ் ட்ரோலோப்பும் நாவலாசிரியர்தான். கணவரின் தொழில் சரிந்து குடும்பம் கடனில் சிக்கியபோது, ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு எழுத வந்தார். முதல் புத்தகம் 1832இல் வெளிவந்தது. பின்னர் பெல்ஜியத்தின் புரூஜ் நகரில், கணவரும் ஒரு மகனும் சாகக் கிடந்த வீட்டில், பணிவிடைக்கு நடுவே நாவல் எழுதினார். தாயின் அறையில் மருந்துக் குப்பிகளும் மைக்கூடும் சரிசமமாக இடம் பிடித்திருந்ததை ஆந்தனி நினைவுகூர்கிறார். மன உறுதிக்கு எடுத்துக்காட்டாக மட்டும் இதைச் சொல்லவில்லை. அந்த வீட்டில் எழுத்து எதற்கு என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது, ஏனென்றால் வீடே அந்தப் பணத்தில்தான் ஓடியது. உங்கள் நாவலிலிருந்து வீட்டுக்கு இதுவரை எதுவும் வரவில்லை, வரும் என்று உறுதி சொல்லவும் முடியாது. அப்படியிருக்க, “இன்னும் எவ்வளவு நாள்?” என்ற கேள்வியைப் பகையாகவோ இலக்கியம் தெரியாத பேச்சாகவோ எடுத்துக்கொள்ளாதீர்கள். செலவில் பங்கு போடுகிறவர் கேட்கும் நியாயமான கேள்வி அது.

அந்தக் கேள்விக்கு நேரான பதிலும் உண்டு. எப்போது அச்சாகும் என்பது உங்கள் கையில் இல்லை. ஒரு வரைவை எப்போது முடிப்பேன் என்பது பெருமளவு உங்கள் கையில் இருக்கிறது. ஆகவே வரைவுக்கு ஒரு மாதத்தைக் குறித்துச் சொல்லுங்கள். எந்தக் கிழமைகளில் எந்த நேரம் எழுதுவீர்கள், அந்த நேரத்தில் குழந்தைகளை யார் பார்ப்பார்கள், பதிலுக்கு மனைவிக்கு எந்த நேரம் முழுதாக விடுபடும் என்பதை உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். தாயாரின் இரவுப் பொறுப்பு யாருடையது என்று நீங்கள் எழுதவில்லை. அது மனைவியின் தலையில் இருந்தால் பேச்சை அங்கிருந்து தொடங்குங்கள். குறைந்த நேரமானாலும் எல்லோருக்கும் தெரிந்த நேரம், திருட்டுத்தனமாகக் கிடைக்கும் நிறைய நேரத்தைவிட எழுத உதவுகிறது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒளித்து எழுதுகிறவருக்குப் பாதிக் கவனம் கதவின் மேல்தான் இருக்கும். உணவு மேசையில் உடல் மட்டும் உட்கார்ந்திருக்க, மனம் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் அலைவதையும் வீட்டார் கவனிக்கத்தான் செய்கிறார்கள். அவர்களை அதிகம் புண்படுத்துவது மேசை முன் கழியும் மணிகளைவிட இந்த அரை இருப்புதான்.

சரி, நேரம் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 300 சொல், வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் ஓராண்டில் 78,000 சொல் வருகிறது. ஒரு நடுத்தர நாவலின் அளவு. கணக்கு சரி, நடப்பு வேறு. எழுதியதில் கணிசமான பகுதி குப்பைக்குப் போகும், குழந்தைக்குக் காய்ச்சல் வரும், அலுவலகத்தில் ஆண்டுக் கணக்கு முடிக்க வேண்டியிருக்கும். விட்டுவிட்டு எழுதுகிறவருக்குச் சொற்கள் குறைவதைவிடப் பெரிய சிக்கல், ஒவ்வொரு முறையும் நாவலுக்குள் திரும்பி நுழைவது. பத்து நாள் இடைவெளிக்குப் பிறகு பாத்திரங்களின் குரல் காதில் விழாது. முதலிலிருந்து படித்துக்கொண்டு வரலாம் என்று தோன்றும். படிக்கப் படிக்கத் திருத்தத் தோன்றும். கிடைத்த ஒன்றரை மணி நேரமும் முதல் அத்தியாயத்தைத் துடைப்பதிலேயே போய்விடும். நான் பார்க்கும் முதல் நாவல்களில் இந்தத் தடம் பளிச்சென்று தெரிகிறது. முதல் முப்பது பக்கம் கண்ணாடிபோல் இருக்கும், நூறாம் பக்கத்துக்கு மேல் வேறொருவர் எழுதியதுபோல் சொற்கள் தடுமாறும்.

இதற்கு நான் கைக்கொள்ளும் வழிகள் எளியவை. காட்சி முடிந்த இடத்தில் எழுந்திருக்கமாட்டேன். அடுத்து யார் என்ன சொல்லப்போகிறார் என்று தெரிந்திருக்கும்போதே நிறுத்திவிட்டு, அதை இரண்டு வரியில் குறித்து வைப்பேன். திரும்பி வரும்போது கடைசி மூன்று நான்கு பக்கங்களை மட்டும் படிப்பேன், அதுவும் வாய்விட்டு. தனியாக ஒரு நோட்டில் பாத்திரங்களின் பிறந்த ஆண்டு, ஒவ்வொரு நிகழ்ச்சியும் நடக்கும் மாதம், யாருக்கு எந்த ரகசியம் எப்போது தெரியவருகிறது என்பன இருக்கும். பத்தாண்டு எழுதப்படும் நாவலில் பாத்திரங்களின் வயதும் சேர்ந்து ஏறிவிடும். கதையில் ஓராண்டே கடந்திருக்க, சிறுமியாக அறிமுகமானவள் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருப்பாள். முன்பகுதியில் மாற்ற வேண்டியது தோன்றினால் அந்த நோட்டின் பின்பக்கத்தில் எழுதிவிட்டு, ஏற்கெனவே மாற்றிவிட்டதாகவே பாவித்து முன்னே போவேன். எழுத முடியாத நாள்களில் அந்த நோட்டைப் பத்து நிமிடம் புரட்டினால்கூட நாவல் உள்ளே உயிரோடு இருக்கும். இவையெல்லாம் எல்லோருக்கும் பொருந்துமா என்றால், அப்படிச் சொல்ல முடியாது. முழு நாவலையும் அத்தியாயம் அத்தியாயமாகத் திட்டமிட்டு எழுதுகிறவர்களும் உண்டு, முடிவு தெரிந்தால் எழுதவே முடியாதவர்களும் உண்டு. அதிகாலைதான் சிறந்தது என்பதும் வெறும் பழக்கம். டோனி மாரிசன் பதிப்பக வேலையோடு இரண்டு மகன்களைத் தனியாக வளர்த்துக்கொண்டு விடியலுக்கு முன் எழுதினார். காஃப்கா காப்பீட்டு அலுவலகத்திலிருந்து வந்து இரவில் எழுதினார்.

இனி உங்கள் நேரடிக் கேள்வி. பத்தாண்டு என்ற எண்ணை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்ய முடியாது. சுந்தர ராமசாமியின் முதல் நாவல் 1966இல் வந்தது, இரண்டாவது 1981இல். இடையில் துணிக்கடையையும் பார்த்துக்கொண்டார். அந்தப் பதினைந்து ஆண்டுகளை யாரும் பிடிவாதம் என்று சொல்லமாட்டார்கள். நான் பார்ப்பது வேறொன்றை. இப்போதைய பிரதியை ஐந்தாண்டுக்கு முந்தைய பிரதியோடு வைத்துப் பாருங்கள். கதை முன்னே போயிருக்கிறதா? அன்று உங்களுக்குப் புரியாத ஏதாவது ஒன்று இன்று அந்தப் பக்கங்களில் புரிந்திருக்கிறதா? முன்பு மிகவும் பிடித்திருந்த ஒரு பகுதியை இடைப்பட்ட காலத்தில் வெட்டி எறிந்திருக்கிறீர்களா? இதற்கெல்லாம் ஆம் என்றால் நாவல் வளர்கிறது, நீங்களும் அதோடு வளர்கிறீர்கள். சொற்கள் மட்டும் இடம் மாறிக்கொண்டிருந்தால், முடிக்க வேண்டிய கட்டாயத்திலிருந்து அந்தப் பிரதி உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது என்று சந்தேகப்படலாம். முடிக்காத நாவலை எவராலும் நிராகரிக்க முடியாது. அந்தப் பாதுகாப்பு பழகிவிடும். அப்படியானால் இதை ஒரு முடிவுக்குக் கொண்டுவந்து பெட்டியில் வைத்துவிட்டு அடுத்ததை எழுதுவதும் விடாமுயற்சிதான். எழுதுவதையே விட்டுவிடுவதும் அவமானமில்லை. நல்ல வாசகர்களாக நிறைவோடு வாழும் முன்னாள் எழுத்தாளர்கள் சிலரை எனக்குத் தெரியும்.

திருப்பி அனுப்பப்பட்டதைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. இரண்டு என்பது குறைவு. பதிப்பகங்கள் மறுப்பதற்குத் தரத்தோடு தொடர்பில்லாத காரணங்கள் பல உண்டு: அந்த ஆண்டுக்கான பட்டியல் நிரம்பியிருக்கலாம், அதே களத்தில் வேறொரு நாவல் ஏற்கெனவே கையில் இருக்கலாம், பக்க எண்ணிக்கையைப் பார்த்துத் தாள் விலைக்குப் பயந்திருக்கலாம். அச்சிட்ட மறுப்புக் கடிதத்திலிருந்து எதையும் ஊகிக்காதீர்கள். உங்கள் நாவலைக் குறித்து மட்டுமே சொல்லக்கூடிய ஒரு வாக்கியம் அதில் இருந்தால், அது கசப்பாக இருந்தாலும், பத்திரப்படுத்துங்கள். யாரோ உண்மையில் படித்திருக்கிறார்கள்.

ஆனால் புகழ்பெற்ற நிராகரிப்புக் கதைகளை வைத்து ஆறுதல் தேடுவதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஆங்கில எழுத்தாளர் வில்லியம் கோல்டிங்கின் முதல் நாவலான ‘லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ்’ பல பதிப்பகங்களிலிருந்து திரும்பி வந்தது. கடைசியில் ஃபேபர் நிறுவனத்திலும் முதலில் படித்தவர் அதை ஒதுக்கித் தள்ளினார். புதிதாகச் சேர்ந்திருந்த சார்ல்ஸ் மான்டித் என்ற பதிப்பாசிரியர் அதை எடுத்துப் படித்தார். 1954இல் நாவல் வெளிவந்தது. எல்லோரும் இந்த அளவோடு கதையை நிறுத்திக்கொள்கிறார்கள். நடந்தது அதற்கு மேலும் உண்டு: அணுப்போரை விவரிக்கும் தொடக்கப் பகுதியை வெட்டச் சொன்னார் மான்டித், வேறு மாற்றங்களும் கேட்டார், கோல்டிங் செய்தார். ஒதுக்கப்பட்ட பிரதியும் நாம் படிக்கும் நாவலும் ஒன்றல்ல. தவிர, பின்னால் புகழ்பெற்றவர்களின் நிராகரிப்புகள்தான் நம் காதுக்கு வருகின்றன. நியாயமாகவே நிராகரிக்கப்பட்டவற்றைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லை. பா. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ வெளியிட ஆள் கிடைக்காமல் ஆண்டுக்கணக்கில் கிடந்து 1972இல்தான் அச்சானது. இன்று தமிழின் முதன்மையான நாவல்களில் ஒன்றாக அதைச் சொல்கிறோம். அதற்குப் பிறகு அவர் வேறு நாவல் எழுதவில்லை. விடாமுயற்சிக்கு வெற்றி என்று இதைச் சொல்வதா, காலம் தாழ்ந்த அங்கீகாரம் ஓர் எழுத்தாளனை ஓயச் செய்துவிட்டது என்று சொல்வதா? நான் பின்னதன் பக்கம் சாய்கிறேன். சி. சு. செல்லப்பாவோ 1997இல், எண்பத்தைந்தை நெருங்கும் வயதில், ‘சுதந்திர தாகம்’ நாவலைத் தானே வெளியிட்டார். மறு ஆண்டு மறைந்தார். சாகித்திய அகாதெமி விருது 2001இல் வந்தது. அவருக்கு அந்த விருது தேவைப்பட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. நாவலை முடித்து, புத்தகமாகக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டார்.

மனைவி படிக்காதது பற்றி: விட்டுவிடுங்கள். கணவர் எழுதியதைப் படிக்கிற மனைவியிடமிருந்து அன்பு வரலாம், அச்சம் வரலாம். பதிப்பாசிரியரின் கருத்து வருவது அரிது. அதை எதிர்பார்த்து நீட்டினால் இருவருக்கும் சங்கடம். முதல் வாசகராக, உங்களோடு உறவோ கடனோ இல்லாத, நாவல்கள் நிறையப் படிக்கும் ஒருவரைத் தேடுங்கள். “பிடித்ததா?” என்று கேட்காதீர்கள். எந்தப் பக்கத்தில் கீழே வைத்தீர்கள், எங்கே குழப்பம் வந்தது, யாரைப் பற்றி மேலும் தெரிந்துகொள்ள விரும்பினீர்கள் என்று கேளுங்கள். தீர்வு சொல்ல வந்தால் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அவர்கள் சுட்டும் இடம் பெரும்பாலும் சரியாகவும், சொல்லும் தீர்வு பெரும்பாலும் தவறாகவும் இருக்கும்.

தந்தையின் சாயல்தான் எல்லாவற்றிலும் சிக்கலானது. இங்கே எனக்கு உறுதியாகத் தெரிந்தவை குறைவு. ஊரையும் தொழிலையும் மாற்றிவிட்டால் போதும் என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். உறவினர்கள் தொழிலைப் பார்த்து அடையாளம் காண்பதில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றும் விதத்தில், கோபம் வந்தால் பேச்சை நிறுத்திவிடும் பழக்கத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். எது அவர்களைப் புண்படுத்தும் என்பதையும் முன்கூட்டி ஊகிக்க முடியாது. நீங்கள் நடுங்கிக்கொண்டே எழுதிய துரோகக் காட்சியைச் சாதாரணமாகக் கடந்துவிட்டு, எங்கோ ஒரு வரியில் வந்த கிழிந்த சட்டைக்காக ஆண்டுக்கணக்கில் பேசாமல் இருப்பார்கள். அமெரிக்க நாவலாசிரியர் தாமஸ் வுல்ஃப் 1929இல் தன் ஊரையும் குடும்பத்தையும் வைத்து முதல் நாவலை வெளியிட்டபோது அந்த ஆஷ்வில் ஊரே கொதித்தது. 1937வரை அவர் அங்கே திரும்பவில்லை. டால்ஸ்டாய் வீட்டில் நடந்தது இன்னும் விசித்திரம். கணவரின் கையெழுத்துப் பிரதிகளைத் திரும்பத் திரும்பப் படியெடுத்துக்கொடுத்தவர் சோஃபியா. மண வாழ்வைக் குரூரமாகச் சித்தரித்த ‘குரூட்சர் சொனாட்டா’வில் ஊரார் தன்னைத்தான் பார்க்கிறார்கள் என்று நொந்தார். அப்படியிருந்தும் தடை செய்யப்பட்டிருந்த அந்தக் கதையைத் தொகுப்பில் சேர்க்க அனுமதி கேட்டு 1891இல் ஜார் மன்னரையே நேரில் சந்தித்தார். பிறகு அதற்கு மறுமொழியாகத் தானும் ஒரு குறுநாவல் எழுதி வைத்தார். அது ரஷ்யாவில் அச்சானது 1994இல். வீட்டில் இருப்பவர்களிடமும் ஒரு கதை இருக்கிறது. எழுதுகிறவன் என்பதால் உங்கள் கதை முதலில் வெளியே போகிறது, அவ்வளவே.

ஆகவே தந்தையைப் பற்றிய பகுதிகளை ஒரு கேள்வியோடு மட்டும் திரும்பப் படியுங்கள்: இந்த மனிதருக்குத் தன் தரப்பைச் சொல்ல ஒரு பக்கமாவது கொடுத்திருக்கிறேனா? அவரைத் தண்டிப்பதற்காக எழுதப்பட்ட பத்தி நாவலிலும் தனியாகத் துருத்திக்கொண்டிருக்கும், வேண்டியவர் மனம் புண்படும் என்று மென்மையாக்கிய பத்தியும் அப்படியே. வரைவு முடியும்வரை அண்ணனிடம் எதுவும் சொல்ல வேண்டாம் என்பது என் கருத்து. அவர் முகம் நினைவில் நின்றால் கை தயங்கும். பதிப்பகம் ஏற்றுக்கொண்ட பிறகு, அச்சுக்குப் போகும் முன், நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள். அனுமதி கேட்டுத்தான் வெளியிட வேண்டும் என்கிற எழுத்தாளர்களும் இருக்கிறார்கள். நல்ல மனிதர்கள், அவர்களிடமும் நியாயம் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. கேட்டுவிட்டு மறுப்பை மீறுவதுதான் ஆகக் கொடுமை. அடையாளம் காணக்கூடிய, உயிரோடு இருக்கும் ஒருவரைப் பற்றிக் குற்றச்சாட்டு போன்ற ஏதாவது நாவலில் இருந்தால் மட்டும், அச்சுக்கு முன் அதை ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், அதில் நாவலாசிரியர்களின் பேச்சை நம்ப வேண்டாம்.